சாரட்டின் பின்னிருக்கை

1

போன செவ்வாய்க்கிழமை எனக்கு இந்த நாட்டில் காலவரையறை இல்லாமல் தங்க அனுமதி கிடைத்தது. வெளிநாட்டவர் அலுவலகத்தில் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள் பாஸ்போர்ட்டில் முத்திரையைக் குத்தி, வாயால் ஊதிக் காயவைத்து, என் பக்கம் தள்ளினார். "வாழ்த்துகள், ஹெர் முத்துசாமி" என்றார். பிறகு கோப்பின் மேலே இருந்த கடிதத்தை இன்னொரு முறை பார்த்துச் சிரித்தார். "நீங்கள்தானா அந்தக் குதிரைக்காரர்?"

ஆமாம் என்றேன்.

ஹெர் என்றால் திரு. முத்துசாமி என் அப்பா பெயர். நான் தண்டபாணி. வந்த புதிதில் ஒரு படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியலை விரித்து எழுதிவிட்டேன். அன்றிலிருந்து பத்து வருடமாக வேலையில், வங்கியில், மருத்துவரிடத்தில் என்னை அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.

திண்டுக்கல்லில் பத்திரிகை நடத்தும் நண்பர், ஜெர்மனி வாழ்க்கையைப் பற்றி எழுதச் சொல்லி மூன்று கடிதம் போட்டுவிட்டார். பனியைப் பற்றியும், நேரம் தவறாத ரயில்களைப் பற்றியும் மற்றவர்கள் எழுதிவிட்டார்கள். எனக்கு எழுத இருப்பது இந்த முத்திரை எப்படி வந்தது என்பதுதான். அதை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது சந்தோஷமாக இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். அலுவலக வாசல்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். கோமதி பாயசம் வைத்திருந்தாள்.

2

எர்லாங்கனில் ஒரு பெரிய மின்சாதனக் கம்பெனியில் பொறியாளர் வேலை. என் பிரிவுத் தலைவர் ஹெர் வைட்மான். கெட்ட மனிதர் இல்லை. குரலை உயர்த்தமாட்டார், காலையில் எல்லோருக்கும் கைகொடுப்பார். ஐந்து வருடத்துக்கு முன்பு, வசந்த காலத்தில் ஒரு திங்கட்கிழமை, என் மேசைக்கு வந்து நின்றார்.

"உங்கள் எடை எவ்வளவு?"

"ஐம்பத்திரண்டு கிலோ."

"குதிரைகள் என்றால் பயமா?"

இல்லை என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். "நல்லது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வாருங்கள்" என்று ஒரு கிராமத்தின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

முடியாது என்று சொல்லத் தெரியாதவன் இல்லை நான். சொல்ல முடியாத மாதம் அது. ஒவ்வொரு வருடமும் கம்பெனி எனக்கு ஒரு கடிதம் தரவேண்டும், இந்த ஆள் எங்களுக்குத் தேவை என்று. அந்தக் கடிதத்தைக் காட்டினால்தான் வெளிநாட்டவர் அலுவலகம் இன்னொரு வருடம் தரும். கையெழுத்துப் போடுகிறவர் ஹெர் வைட்மான். நான் கேட்ட கடிதம் அன்று அவர் மேசையில் கிடந்தது. அவர் அதைச் சொல்லிக் காட்டவில்லை. அவருக்கு அது நினைவில்கூட இருந்திருக்காது. எனக்கு இருந்தது.

அவருக்குச் சாரட்டு ஓட்டும் போட்டிதான் உயிர். இங்கே அது கனவான்களின் விளையாட்டு. மருத்துவர், மர ஆலை முதலாளி, கம்பெனி அதிகாரி என்று இருப்பவர்கள் இரண்டு குதிரை பூட்டிய வண்டியோடு கோடைகாலம் முழுக்க ஊர் ஊராகப் போவார்கள். புல்தரையில் கோடு போட்ட கட்டத்துக்குள் வட்டமடித்துக் காட்ட வேண்டும். காட்டுவழியில், ஓடையில் இறங்கி ஏறிப் பல மைல் ஓட்ட வேண்டும். பிறகு தலையில் பந்து வைத்த கூம்புகளுக்கு நடுவே ஒரு பந்தும் விழாமல் போக வேண்டும். ஜெயித்தால் ஒரு பட்டு ரிப்பன். அதைக் குதிரையின் தலையில் குத்திவிடுவார்கள்.

வண்டியில் இரண்டு பேர். முன்னால் ஓட்டுகிறவர். பின்னால் ஒருவன். அவனைப் பைஃபாரர் என்பார்கள். கூட ஏறுகிறவன் என்று அர்த்தம். திருப்பத்தில் வண்டி சாய்ந்தால் எதிர்ப்பக்கம் தொங்கி எடை கொடுக்க வேண்டும். நின்றதும் குதித்து ஓடிக் குதிரைகளின் தலையைப் பிடிக்க வேண்டும். மற்ற நேரமெல்லாம் கறுப்பு உருண்டைத் தொப்பியோடு, கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, விறைப்பாக உட்கார்ந்திருக்க வேண்டும். லகானையும் சாட்டையையும் தொடக்கூடாது. நடுவர்கள் முன் வாயைத் திறக்கக்கூடாது. ஹெர் வைட்மானின் மகன் அந்த இடத்தில் இருந்தான். அவன் படிக்க ஹாம்பர்க் போய்விட்டான்.

என் அப்பா பழனியில் ஜட்கா ஓட்டினார்.

ரயில் நிலையத்திலிருந்து அடிவாரத்துக்குப் பக்தர்களை ஏற்றிப் போகிற வண்டி. அதை நான் வெறுத்தேன் என்று இப்போது எழுதுவதில் எனக்குக் கூச்சமில்லை. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார மறுத்தார்கள், சட்டையில் குதிரை லத்தி வாடை அடிக்கிறது என்று. அந்த வாடையிலிருந்து தப்பிக்கத்தான் படித்தேன். உதவித்தொகை வாங்கி, பொறியியல் முடித்து, கப்பல் ஏறி, எத்தனை தூரம் வந்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். அந்த ஞாயிறு லாயத்தின் கதவைத் திறந்ததும் அதே வாடை முகத்தில் வந்து மோதியது.

பெண் பார்த்தபோது தரகர் கோமதியின் வீட்டில் சொன்னது, "பையனோட அப்பா வண்டி வச்சிருக்காருங்க." லாரி என்று நினைத்துக்கொண்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகுதான் கோமதி குதிரையைப் பார்த்தாள். முகம் சுளிக்கவில்லை. அப்பாவுக்குத் தன் கையால் சோறு போட்டாள். ஆனால் இங்கே வந்து, எங்களைப் போலவே வேலைக்கு வந்திருந்த சேஷாத்ரி வீட்டுக்கு முதல்முறை போனபோது, அவர் மனைவி காபியை நீட்டிக்கொண்டே, "உங்க மாமனார் என்ன பண்றார்?" என்று கேட்டாள்.

"ட்ரான்ஸ்போர்ட்ல இருக்கார்" என்றாள் கோமதி.

திரும்பி வரும்போது என்னைப் பார்க்காமல், "பொய் இல்லைங்களே" என்றாள்.

3

ஆகவே நான் இரண்டு பக்கமும் நடித்தேன். நம் ஆட்களிடம் ட்ரான்ஸ்போர்ட். லாயத்தில், குதிரையைப் புத்தகத்தில் மட்டும் பார்த்த பொறியாளர்.

இரண்டாவதுதான் கஷ்டம். ஹெர் வைட்மானிடம் லோட்டே, லீசல் என்று இரண்டு பெட்டைகள். பொன்னிற உடம்பு, வெளுத்த பிடரி, குட்டையான மலைநாட்டு ஜாதி. லோட்டே என்னை மோந்து பார்த்ததும் என் கை தானாக அதன் காதுக்குப் பின்னால் போயிற்று. வலிய இழுத்துக்கொண்டேன். சேணம் பூட்டும் வார்களை அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு பூட்ட வரும். வேண்டுமென்றே தப்பாகப் பூட்டினேன். "பரவாயில்லை, நீங்கள் மின்சாரக்காரர்தானே" என்று தட்டிக்கொடுத்தார்.

முதலில் மாதம் ஒரு ஞாயிறு. பிறகு எல்லா ஞாயிறும். போட்டி இருந்தால் சனியும். வாரம் முழுவதும் அவருக்குக் கீழே வேலை. வார இறுதியில் அவருக்குப் பின்னால். சில நாள் திங்கட்கிழமை அவர் முகத்தைப் பார்க்கும்போது, ஒரு நாளுக்கு மேல் அவர் முதுகை மட்டுமே பார்த்திருக்கிறேன் என்று தோன்றும். அந்தக் கோட்டின் தோள்பட்டைத் தையல் எனக்கு மனப்பாடம்.

கோமதி எங்கள் மகள் வள்ளியை வைத்துக்கொண்டு மூன்றாவது மாடியில் தனியாக இருப்பாள். ஞாயிற்றுக்கிழமை இங்கே கடை கிடையாது, சத்தம் கிடையாது, துணி உலர்த்தினால்கூடப் பக்கத்து வீட்டம்மாள் வந்து சொல்வாள்.

"வேலைன்னா பரவாயில்ல. இது என்னங்க?" என்று ஒருமுறை கேட்டாள்.

"லெட்டர் வர்ற வரைக்கும்."

"லெட்டர் வருஷா வருஷம் வேணுமே."

அடுத்த ஞாயிறிலிருந்து இருவரையும் லாயத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அதனால் நடந்தது ஒன்றுதான்: வள்ளி அங்கேயே பேசக் கற்றாள். வைட்மானின் மனைவி அவளை மடியில் வைத்துக்கொண்டு இந்த ஊர்க் கொச்சையில் பேசுவாள். குதிரை என்ற சொல்லை வள்ளி ஒருபோதும் சொன்னதில்லை. பெர்ட் என்பாள். நாங்கள் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் வரும். கோமதிக்கு அதில் பாதிதான் புரியும். என்னைப் பார்ப்பாள்; நான் மொழிபெயர்ப்பேன். தாய்க்கும் மகளுக்கும் நடுவில்.

4

இரண்டாவது வருடம் கோடையில் எங்கள் பக்கத்திலேயே ஒரு பெரிய போட்டி. சேஷாத்ரியும் மனைவியும் புளிசாதம் கட்டிக்கொண்டு பார்க்க வந்திருந்தார்கள். புல்வெளி ஓரம் விரிப்புப் போட்டு, கோமதியும் வள்ளியும் அவர்களோடு உட்கார்ந்திருந்தார்கள்.

அதற்கு முந்தின வாரம் முழுக்க ஹெர் வைட்மான் வெளியூரில். லாயத்து ஆள் குதிரைகளை வெளியே விடாமல், தீவனத்தை மட்டும் குறைக்காமல் போட்டிருக்கிறான். காலையில் குதிரைகளை ஏற்றி வந்த லாரியிலிருந்து லோட்டே இறங்கும்போதே கவனித்தேன். பின்கால் குட்டையாக விழுந்தது. இடுப்பில் கைவைத்தேன். பலகை மாதிரி இருந்தது.

அது என்னவென்று எனக்குத் தெரியும். பழனியில் கூட்டமில்லாத மாதத்தில் கொள்ளுத் தீனியைக் குறைக்காமல் நிறுத்தி வைத்துவிட்டு, திடீரென்று பூட்டினால் வரும். உடனே நிறுத்த வேண்டும். ஓட்டினால் விழும்; விழுந்தால் எழுந்திருக்காது.

நான் சொல்லவில்லை. ஒரு மின்சாரப் பொறியாளருக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்பாரே என்று நினைத்தேன். ஒருவேளை சரியாகிவிடும் என்றும் நினைத்தேன். இன்றுவரை எனக்கு உறுத்துவது அந்தக் காலை நேரம்தான்.

காட்டுவழி ஓட்டத்தில் மூன்றாவது மைலில் லோட்டே வியர்க்கத் தொடங்கியது. பின்தொடை நடுங்கிற்று. ஹெர் வைட்மான், "இன்று இவளுக்குக் கோபம்" என்று சாட்டை நுனியால் தொட்டார்.

"நிறுத்துங்கள்" என்றேன்.

"உட்காருங்கள்" என்றார் திரும்பாமல்.

"லோட்டேக்கு முடியவில்லை. நிறுத்துங்கள்."

அவர் மறுபடியும் சாட்டையை எடுத்தார். காட்டைவிட்டு வண்டி ஜனங்கள் நிற்கும் புல்வெளிக்கு வந்திருந்தது. நான் குதித்தேன். ஓடிப்போய் லோட்டேயின் கடிவாளத்தைப் பிடித்துத் தொங்கினேன். வண்டி நின்றது. பைஃபாரர் வழியில் இறங்கினால் புள்ளி போகும். ஹெர் வைட்மான் மேலே இருந்து ஏதோ சொன்னார். எனக்குக் காதில் விழவில்லை. என் வாயிலிருந்து அப்பா போடும் சத்தம் வந்துகொண்டிருந்தது. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுக்கிற சத்தம். பிறகு தமிழ். "நில்லு தாயி. நில்லு. ஒண்ணுமில்ல." என் கோட்டைக் கழற்றி அதன் இடுப்பில் போர்த்தினேன். இழுவை வார்களை அவிழ்த்தேன். அதில் ஒரு தப்பும் இல்லை.

கால்நடை மருத்துவர் ஓடி வந்து பார்த்தார். "யார் நிறுத்தியது?" என்றார். என்னைக் காட்டினார்கள். "இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் இதை இழுத்துக்கொண்டுதான் போயிருக்க வேண்டும்."

ஹெர் வைட்மான் இறங்கி வந்தார். முகம் வெளுத்திருந்தது. "உங்களுக்கு எப்படித் தெரிந்தது?"

களைத்துப் போயிருந்தேன். "என் அப்பா வண்டிக்காரர்" என்றேன். குட்ஷர் என்கிற ஜெர்மன் சொல்லை அப்போதுதான் முதல்முறையாக அவரைப் பற்றிச் சொன்னேன்.

"வண்டிக்காரரா? யாரிடம்?"

மலைமேல் இருக்கிற ஆண்டவரைப் பார்க்க வருகிறவர்களுக்கு ஓட்டுகிறார் என்று சொல்ல வந்தேன். நாக்கு குழறியது. ஜெர்மனில் ஆண்டவரும் ஹெர்தான், துரையும் ஹெர்தான், என் பிரிவுத் தலைவரும் ஹெர்தான். மலை என்றால் பெர்க். கோட்டை என்றால் பூர்க். இந்தப் பக்கம் ஒவ்வொரு குன்றின் மேலும் ஒரு பழைய கோட்டை. அவர் காதில் விழுந்தது, கோட்டைப் பிரபுவின் வண்டிக்காரர் என்று.

"பிரபு என்றால், மகாராஜாவா?"

பழனியாண்டவருக்கு ஒரு வேளை ஆண்டிக் கோலம், ஒரு வேளை ராஜ அலங்காரம். அந்த நேரத்தில் எனக்கு ஏன் அது ஞாபகம் வந்தது என்று தெரியவில்லை. "ஒரு விதத்தில்" என்றேன்.

அவர் என்னைக் கட்டிக்கொண்டார். அதுவரை கைகொடுத்ததோடு சரி. "இதை ஏன் மறைத்தீர்கள்?" என்றார். அவர் தோளுக்கு மேலாக, வேலியோரம் சேஷாத்ரி நிற்பது தெரிந்தது. அவருக்கு என்னைவிட நன்றாக ஜெர்மன் தெரியும்.

மாலையில் விரிப்பை மடிக்கும்போது சேஷாத்ரி சொன்னார்: "இதுல ஒளிக்க என்ன இருக்கு, தண்டபாணி? டிக்னிட்டி ஆஃப் லேபர். நாங்க அப்படியெல்லாம் பாக்கறவா இல்லே." அவர் மனைவி புளிசாதப் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. அதற்குப் பிறகு அவர்கள் தங்கள் வீட்டுக்கு எங்களைக் கூப்பிடாமல் இல்லை; தீபாவளிக்குக் கூப்பிட்டார்கள். மற்ற நாட்களில் கூப்பிடவில்லை.

பஸ்ஸில் கோமதி வள்ளியை மடியில் போட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "குதிரையப் பிடிச்சது சரிதான். வாயையும் கொஞ்சம் பிடிச்சிருக்கலாம்."

5

உண்மையைச் சொன்னால் விடுதலை என்பார்கள். எனக்கு நடந்தது வேறு. அடுத்த போட்டிக்குள் எல்லா வண்டிக்காரக் கனவான்களுக்கும் தெரிந்துவிட்டது, வைட்மானின் பைஃபாரர் மகாராஜாவின் தலைமை வண்டிக்காரருடைய மகன் என்று. என்னிடம் வந்து கைகுலுக்கினார்கள். யானை உண்டா என்று கேட்டார்கள். முதல் தடவை, "இல்லை, அது ஒரு கோயில், பக்தர்கள்" என்று தொடங்கினேன். "ஆ, கோயிலுக்குப் போகும் ஊர்வலம்" என்று தலையாட்டினார்கள். இரண்டாவது தடவை சுருக்கினேன். மூன்றாவது தடவை சிரித்தேன்.

அதன்பிறகு வார நாளிலும் வேலை முடிந்ததும் லாயத்துக்குப் போக வேண்டியிருந்தது. ரத்தத்தில் இருப்பதை விடக்கூடாது என்றார் ஹெர் வைட்மான். ஒருநாள் அப்பாவின் முகவரி கேட்டார். எதற்கு என்றேன். "ஒரு வண்டிக்காரர் இன்னொரு வண்டிக்காரருக்கு வணக்கம் சொல்ல வேண்டாமா?" எழுதிக் கொடுத்தேன்: ரயில் நிலையப் பார்சல் ஆபீஸ், பழனி. ஒரு பெரிய போட்டோவும் ஜெர்மனில் ஒரு கடிதமும் அனுப்பினார். போட்டோவில் அவர் முன்னால் லகானோடு. நான் பின்னால் உருண்டைத் தொப்பியோடு.

ஆறு வாரத்தில் அப்பாவிடமிருந்து எனக்குக் கடிதம் வந்தது. அவர் சொல்லச் சொல்லப் பார்சல் ஆபீஸ் கிளார்க் எழுதியது.

"தம்பி, போட்டோ வந்துச்சு. கூட வந்த கடுதாசிய யாராலயும் படிக்க முடியல. ஆனா போட்டோவ நல்லாப் பாத்தேன். நாற்காலியில உக்காந்து வேலை பாக்குறேன்னு இத்தன வருசமா எழுதுனியே. வெள்ளக்காரர் ஓட்டுறார், நீ பின்னால உக்காந்திருக்க. குதிரைங்க நல்லா இருக்கு, தீனிக்குக் குறையில்ல. எனக்கு வருத்தம் இல்லப்பா. வயித்துப் பொழப்பு எதுன்னாலும் பொழப்புத்தான். ஆனா இந்த வேலைன்னா இங்கயே இருக்கே, அந்தக் குளிர்ல எதுக்கு? ஓட்டவும் விடாம பின்னால உக்கார வச்சிருக்காங்களே. வந்துரு. போட்டோவ யார்கிட்டயும் காட்டல."

உடனே பதில் எழுதினேன். என் சம்பளச் சீட்டின் நகலை வைத்தேன். முன்னால் இருப்பவர் என் அதிகாரி, இது ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு, மற்ற நாளில் நான் பொறியாளர்தான் என்று விளக்கினேன். அப்பாவிடமிருந்து வந்தது: "ஆபீசரு எதுக்குப்பா வண்டி ஓட்டணும்? விளையாட்டுக்கு யாராச்சும் குதிரையப் பூட்டுவாங்களா? மறைக்காத." எத்தனை கடிதம் எழுதினாலும் அவர் நம்பவில்லை. கடைசியில் அதைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டார். குளிருக்குக் காதை மூடிக்கொள் என்று மட்டும் எழுதச் சொல்வார்.

நேரில் போயிருந்தால் நம்பியிருப்பார். எண்ணெய் நெருக்கடி வந்த குளிர்காலத்தில் கம்பெனிகள் ஆட்குறைப்பு என்று பேச ஆரம்பித்தன. வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதையே அரசாங்கம் நிறுத்திவிட்டது. இந்த நேரத்தில் வெளியே போனால் திரும்ப வர முடியுமோ என்று எல்லோருக்கும் பயம். இன்னும் ஒரு வருடம் போகட்டும், காலவரையறையில்லாத அனுமதி வாங்கிக்கொண்டு போகலாம் என்று தள்ளிப்போட்டேன்.

6

போன வருடம் மே மாதம் தந்தி வந்தது. அப்பா இறந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. தங்கை வீட்டுக்காரர் கொள்ளி வைத்துவிட்டார். அப்படியும் கிளம்பியிருப்பேன், ஆனால் என் பாஸ்போர்ட் புதுப்பிப்பதற்காகப் பான் நகரத்துத் தூதரகத்தில் இருந்தது. வீட்டிலேயே தலையை மழித்துக்கொண்டேன். கோமதி கத்தரியால் வெட்ட, நான் சவரக்கத்தியால் சிரைத்தேன்.

வெள்ளிக்கிழமை வேலைக்குப் போனபோது ஹெர் வைட்மான் என் தலையைப் பார்த்துவிட்டு அறைக்கதவைச் சாத்தினார். சொன்னேன். அவர் கண் கலங்கியது. நடிப்பில்லை. "ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வரவேண்டாம்" என்றார். பிறகு, "ஆனால் வந்தால், நாம் அவருக்கு மரியாதை செய்யலாம்" என்றார். நிரந்தர அனுமதிக்கு அவர் தரவேண்டிய கடிதம் அந்த வாரம் தட்டச்சில் இருந்தது. நான் போனேன்.

தொப்பி மழித்த தலையில் காது வரைக்கும் இறங்கியது. உள்ளே காகிதம் மடித்து வைத்துக்கொண்டேன். ஹெர் வைட்மான் சாட்டையில் கறுப்பு ரிப்பன் கட்டியிருந்தார். போட்டி தொடங்குமுன் எல்லா வண்டிகளும் புல்தரையில் வரிசையாக நின்றன. ஒலிபெருக்கியில் ஒருவர் பேசினார். நம் நண்பரின் தந்தை, பழனி அரண்மனையின் தலைமை வண்டிக்காரர், ஹெர் முத்துசாமி காலமானார். அவர் நினைவாக ஒரு நிமிடம்.

ஓட்டுகிறவர்கள் எல்லோரும் தொப்பியைக் கழற்றினார்கள். வேலியோரம் நாற்காலிகளில் இருந்த ஜனம் முழுக்க எழுந்து நின்றது. கடிவாள இரும்பைக் குதிரைகள் மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்டது.

நான் பின்னிருக்கையில் அசையாமல் இருந்தேன். ஸ்டேஷன் வாசலில் போலீஸ்காரர் தடியால் வண்டிக் கூண்டைத் தட்டி, "எட்றா, எட்றா" என்று விரட்டியதைப் பார்த்திருக்கிறேன். என் அப்பாவுக்காக அதுவரை யாரும் எழுந்து நின்றதில்லை. இப்போது ஒரு மைதானமே நின்றது, அவர் பெயரைச் சொல்லி, வேறு யாருக்கோ. அவர் அரண்மனையைக் கண்டதில்லை, ஜட்காதான் ஓட்டினார் என்று நான் எழுந்து சொல்லியிருக்கலாம். எனக்கு முன்னால் அந்த முதுகு இருந்தது. அந்த நிமிடம் முடிந்ததும் மணி அடித்தார்கள். முதல் வண்டி கிளம்பியது.

கடிதம் இப்போது என் கோப்பில் இருக்கிறது, முத்திரையும் விழுந்துவிட்டது. இனிமேல் எந்த வருடமும் அவரிடம் கேட்க வேண்டியதில்லை. ஆனாலும் நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை. கடிதத்துக்காகத்தான் சொல்லாமல் இருந்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் இல்லை போலிருக்கிறது. அன்று எழுந்து நின்றவர்களில் ஒருவர்கூட, உண்மை தெரிந்தால், அந்த மரியாதையைத் திரும்ப வாங்கிக்கொள்ளக்கூடாது என்று பயம்.

7

அப்பாவுக்கு எல்லோரும் எழுந்து நின்ற அந்த ஞாயிறு மட்டும் குதிரைகளைக் கழுவ வேண்டாம் என்று ஹெர் வைட்மான் என்னைக் குடும்பத்தோடு அனுப்பிவிட்டார். பஸ்ஸில் நல்ல கூட்டம். போட்டி பார்த்துவிட்டுத் திரும்புகிற ஜனம். கோமதி ஜன்னலோரம். நடுவில் வள்ளி. அப்போது அவளுக்கு ஆறு வயது. தாத்தாவைப் பார்த்ததே இல்லை. ஓபா என்பாள்.

"அப்பா, ஓபா ஜெயிச்சாரா?" என்று கேட்டாள். அவளிடமிருந்து அபூர்வமாக வருகிற தமிழ்.

"எதுல?"

"துர்னீர்ல." போட்டி என்கிறாள். குதிரை வண்டி என்றால் போட்டி. வேறு எதற்காவது அது ஓடும் என்பது அவளுக்குத் தெரியாது.

மகாராஜா கிடையாது என்று அவளிடம் சொன்னேன். ஜெர்மனில் சொன்னேன், புரிய வேண்டுமே. ஓபாவின் வண்டி சின்னது. ஒரே குதிரை. ஸ்டேஷனுக்கு ரயில் வரும். வாசலில் இருபது வண்டி நிற்கும். இறங்குவது சில நாள் நாலு குடும்பம்தான். எல்லா வண்டிக்காரர்களும் ஒரே நேரத்தில் ஓடுவார்கள்.

"யார் ஜெயிப்பா?"

"யார் வண்டியில ஏறுறாங்களோ அவங்க."

"ஓபா?"

"சில நாள்."

"என்ன குடுப்பாங்க?"

"அன்னைக்கு எங்களுக்குச் சாப்பாடு."

ரிப்பன் இல்லையா என்று கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. இருக்கையில் முழங்கால் போட்டு எழுந்து, பின்னால் உட்கார்ந்திருந்த கிழவரிடம், அவர் அன்று புல்வெளியில் எழுந்து நின்றவர்தான், பஸ் முழுக்கக் கேட்கும்படி ஜெர்மனில் சொன்னாள்: "எங்க ஓபா ஸ்டேஷன்ல வண்டி ஓட்டினார். சாப்பாடு ஜெயிச்சார்."

கிழவர் என்னைப் பார்த்தார். கோமதியின் கை வள்ளியின் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைக்கப் போவதைக் கண்டேன். ஜெர்மனில் சொன்னதில் எவ்வளவு கோமதிக்குப் புரிந்ததோ. கை போனது. சட்டையைப் பிடித்தது, இழுக்க இல்லை, பஸ் குலுக்கலில் பிள்ளை விழுந்துவிடாமல். அப்படியே பிடித்துக்கொண்டிருந்தது.